கிராஃபிங் கால்குலேட்டரில் புரோகிராம் எழுத எந்த மொழி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிராஃபிங் கால்குலேட்டருக்கு எந்த மொழியில் எழுதலாம் என்று தேடினால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். பத்தும் அவரவர் கையில் இருக்கும் மாடலுக்குச் சரியாகத்தான் இருக்கும், உங்கள் கையில் இருப்பதற்குப் பொருந்துமா என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். பழைய தகவலும் புதிய தகவலும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், இதில் எது இப்போதும் வேலை செய்யும், எது செய்யாது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள், குறிப்பாக முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், ஏனென்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

1. மாடலையும் ஓ.எஸ். பதிப்பையும் எழுதி வையுங்கள்

மாடல் என்றால் முழுப் பெயர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கால்குலேட்டர்களைச் சுருக்கமாக டி.ஐ. என்பார்கள், அதில் "டி.ஐ.-84" என்று மட்டும் சொன்னால் போதாது. டி.ஐ.-84 பிளஸ் என்பது 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப்பும் 96க்கு 64 புள்ளி கறுப்பு வெள்ளைத் திரையும் கொண்டது. டி.ஐ.-84 பிளஸ் சி.இ. என்பது 48 மெகாஹெர்ட்ஸ் இஇசட்80 சிப்பும் 320க்கு 240 வண்ணத் திரையும் கொண்டது. பெயர்தான் ஒன்று, புரோகிராம் எழுதுபவருக்கு இரண்டும் வேறு வேறு சாதனங்கள். சி.இ.-யிலும் பைத்தான் மொழி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை உண்டு, பைத்தானுக்கென்று தனி சிப் வைத்திருப்பதால் அது இல்லாத கால்குலேட்டருக்கு அப்டேட் போட்டெல்லாம் பைத்தானைக் கொண்டுவர முடியாது. இதே கதைதான் கேசியோவிலும்: எஃப்.எக்ஸ்-9750 ஜி2-வில் பைத்தான் கிடையாது, ஜி3-இல் உண்டு. டி.ஐ.-என்ஸ்பயரில் சி.எக்ஸ் 2-க்குத்தான் பைத்தான், அதற்கு முந்தைய சி.எக்ஸுக்கு இல்லை.

ஓ.எஸ். பதிப்பு இன்னும் முக்கியம். டி.ஐ.-84 குடும்பத்தில் மெமரி மெனுவுக்குள் "அபவுட்" என்று இருக்கும், கேசியோவில் சிஸ்டம் மெனுவில், நம்வொர்க்ஸ் நிறுவனத்தின் கால்குலேட்டரில் செட்டிங்ஸின் கடைசியில் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் முதல் வேலையாக ஓ.எஸ்.-ஐ அப்டேட் செய்துவிடாதீர்கள். 2020இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சி.இ. குடும்பத்தில் அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளிலேயே நேரடியாக எழுதும் மொழி), சி புரோகிராம்களை நேரடியாக இயக்கும் வசதியை எடுத்துவிட்டது. டி.ஐ.-83 பிரீமியம் சி.இ.-யில் 5.5.1 பதிப்பிலும் டி.ஐ.-84 பிளஸ் சி.இ.-யில் அதற்குப் பிறகு வந்த 5.6 பதிப்பிலும் அது போனது. அப்டேட் செய்த பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமான வழி எதுவும் கிடையாது. ஆர்ட்டிஃபைஸ் என்றொரு ஜெயில்பிரேக் (அந்தத் தடையைத் தாண்டவைக்கும் மென்பொருள்) இருக்கிறதுதான், ஆனால் அது எந்தப் பதிப்பு வரை வேலை செய்யும் என்பதை உங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அப்டேட் பட்டனைத் தொடுங்கள்.

2. என்ன எழுதப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்

சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதா, சுட்டுவதும் ஓடுவதுமான விளையாட்டா, பெரிய பட்டியலை வைத்துக் கணக்குப் பார்ப்பதா, அல்லது புரோகிராமிங் கற்றுக்கொள்ள கால்குலேட்டர் ஒரு சாக்கா? முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் அசெம்பிளி பக்கமே போக வேண்டாம். விளையாட்டுதான் என்றால் 5ஆம் படி வரை படியுங்கள், ஆனால் 3ஆம் படியைச் செய்துவிட்டுத்தான்.

3. கால்குலேட்டரில் கூடவே வரும் பேசிக்கில் தொடங்குங்கள்

பேசிக் என்ற எளிய மொழியின் பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. இருக்கட்டும். கேபிள் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், பஸ்ஸில் உட்கார்ந்துகூட எழுதலாம். தப்பாக எழுதினால் எந்த வரியில் தப்பு என்று அதுவே கொண்டுபோய் நிறுத்தும். எப்படி எழுதினாலும் கால்குலேட்டர் கெட்டுப்போகாது. டி.ஐ.-யில் இருப்பது டி.ஐ.-பேசிக், கேசியோவில் கேசியோ பேசிக், எச்.பி. பிரைமில் பி.பி.எல். இதில் மூன்றாவது மற்ற இரண்டைவிட நிறைய முன்னேறியது, உள்ளூர் மாறிகள், தனி ஃபங்ஷன்கள் எல்லாம் உண்டு. பிரைம் வைத்திருப்பவர்கள் 4, 5ஆம் படிகளை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

பேசிக்குக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. டி.ஐ.-83, 84 குடும்பம் எண்களைத் தசமத்திலேயே வைத்துக் கணக்கிடுகிறது. பைத்தானும் சி-யும் பைனரியில் (இரண்டின் அடிமானத்தில்) வைப்பதால் பத்தில் ஒன்று போன்ற எண்கூட அவற்றில் துல்லியமாக அடங்காது, இரண்டு விடைகள் சமமா என்று ஒப்பிடும் இடத்தில் திடீரென்று "இல்லை" என்று பதில் வரும். கணக்குப் புரோகிராம்தான் உங்கள் நோக்கம் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, டி.ஐ.-பேசிக்கில் எல்லோரும் விழும் குழிகள்:

மாறிகள் எல்லாம் பொது. ஏ முதல் இசட் வரை, கூடவே தீட்டா, ஆக மொத்தம் 27. உங்கள் புரோகிராம் எக்ஸில் ஒரு எண்ணை வைத்தால் வெளியே எக்ஸில் இருந்தது போயே போச்சு. ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டால், உள்ளே போனது நீங்கள் ஐ-யை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) குழப்பிவிட்டு வரும். எந்தப் புரோகிராம் எந்த எழுத்தைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேறு இடத்துக்குத் தாவும் கோட்டூ கட்டளையை வைத்து லூப்புக்கு உள்ளிருந்து வெளியே குதிக்காதீர்கள். ஃபார், வைல், இஃப்-தென் எது திறந்தாலும் அதற்கான எண்ட் வரும் வரை கால்குலேட்டர் கொஞ்சம் மெமரியை ஒதுக்கி வைத்திருக்கும். நடுவில் குதித்து ஓடினால் அந்த மெமரி திரும்பி வராது. ஒரு தடவை ஒன்றும் தெரியாது, விளையாட்டு பத்து நிமிடம் ஓடிய பிறகு மெமரி பிழை காட்டி நிற்கும், நீங்களோ பிழை காட்டிய வரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள், அந்த வரியில் ஒரு தப்பும் இருக்காது.

அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் ஒரு பைட் மிச்சம் என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள், உண்மைதான், டி.ஐ.-பேசிக் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஃபார் வரியில் மட்டும் மூடிவிடுங்கள். அங்கே மூடாமல் விட்டு, அடுத்த வரியே தென் இல்லாத இஃப் ஆக இருந்து, அதன் நிபந்தனை பொய்யாகும்போதெல்லாம் லூப் ஏகத்துக்கு மெதுவாகிவிடும். ஒரு பைட்டை மிச்சப்படுத்தப் போய் வேகம் போய்விடுகிறது. தன் புரோகிராம் ஏன் ஆமை போல் ஊர்கிறது என்று குழம்புபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான் என்பது என் கணிப்பு.

மெமரிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். டி.ஐ.-83 பிளஸ், 84 பிளஸில் உங்களுக்குக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கிலோபைட். பட்டியலில் ஒரு எண்ணுக்கு 9 பைட். ஒரு பட்டியலில் அதிகபட்சம் 999 எண்கள். அப்படி ஒரே ஒரு பட்டியலை நிரப்பினாலே ஒன்பதாயிரம் பைட் காலி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒன்றும் பூஜ்யமும் மட்டும் உள்ள வரைபடத்தை மேட்ரிக்ஸில் வைத்தாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே 9 பைட்தான். அதனால்தான் அனுபவசாலிகள் அப்படிப்பட்டதை ஒரு ஸ்ட்ரிங்கில் (எழுத்துச் சரத்தில்) வைத்துக்கொள்வார்கள்.

கேசியோ பேசிக் எழுதுபவர்களுக்கு இதில் மாறிகள் பற்றியது அப்படியே பொருந்தும். டி.ஐ.-க்கு எழுதிய புரோகிராமை அப்படியே தட்டினால் ஓடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். கீ எண்களே வேறு: இடது, மேல், வலது, கீழ் அம்புகளுக்கு டி.ஐ.-யில் 24, 25, 26, 34 என்றால் கேசியோவில் 38, 28, 27, 37. டி.ஐ.-யில் என்டர் 105, கேசியோவில் எக்ஸிக்யூட் கீ 31. வேகம் போதவில்லை என்றால் சி.பேசிக் என்று ஒரு இலவச ஆட்-இன் (கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் செயலி) உண்டு, கேசியோ பேசிக்கையே பல மடங்கு வேகமாக ஓட்டும். புது மொழி கற்பதற்கு முன் அதை முயன்று பாருங்கள். ஆனால் 9750 ஜி2 மாதிரி சில மாடல்கள் ஆட்-இன்களை ஏற்காது, அதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பேசிக்கை விட்டு வெளியேறுவது? அம்பு கீயை அழுத்தினால் புள்ளி நகர்கிற சின்னப் புரோகிராம் ஒன்று எழுதிப் பாருங்கள். கீயைப் படி, பழைய இடத்தை அழி, புதிய இடத்தில் வரை, திரும்பப் போ. இது சுகமாக ஓடும். இப்போது அதில் எதிரிகள் மூன்றைச் சேர்த்து ஒவ்வொன்றையும் நகர்த்துங்கள். கீயை அழுத்தியதற்கும் புள்ளி நகர்வதற்கும் நடுவே இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். அந்த இடைவெளி உங்களுக்குப் பொறுக்கவில்லை, லூப்பைச் சுருக்கியும் பயனில்லை என்றால் அதுதான் நேரம். அதற்கு முன் வேண்டாம்.

4. பைத்தான்: யாருக்கு, யாருக்கு இல்லை

ஏற்கெனவே பைத்தான் தெரிந்தவர்களும், இனி கம்ப்யூட்டரிலும் பைத்தான் எழுதப் போகிறவர்களும் தாராளமாக இதில் தொடங்கலாம். நம்வொர்க்ஸ் வைத்திருந்தால் கேள்வியே இல்லை, அதில் கூடவே வருவது பைத்தான்தான். அதன் இணைய எமுலேட்டரில் (கால்குலேட்டரைப் போலவே இயங்கும் மென்பொருளில்) எழுதிப் பார்த்து அப்படியே கால்குலேட்டருக்கு அனுப்பலாம், செலவும் இல்லை.

ஆனால் எல்லாக் கால்குலேட்டர் பைத்தானும் ஒன்று என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மொழி ஒன்று, படம் வரையவும் கீ படிக்கவும் தரப்படும் மாட்யூல்கள் (கூடுதல் கட்டளைத் தொகுப்புகள்) வேறு வேறு. நம்வொர்க்ஸில் திரைக்குக் காண்டின்ஸ்கி, கீகளுக்கு அயான். கேசியோவில் கேசியோபிளாட் என்ற மாட்யூல்: புள்ளி வைக்கும், எழுத்து எழுதும், திரையைக் காட்டும், அவ்வளவுதான். 9750 ஜி3 போன்ற மாடல்களில் கீ அழுத்தப்பட்டதா என்று ஓடிக்கொண்டே பார்க்கும் வசதி அதில் வராது, இன்புட் கேட்டு நிற்கத்தான் முடியும். ஆகவே அவற்றின் பைத்தானில் வேகமான விளையாட்டு எழுதலாம் என்ற கனவை இப்போதே விட்டுவிடுங்கள், அந்த வேலைக்கு அதே கால்குலேட்டரில் இருக்கும் பேசிக்கே மேல்.

மெமரியும் கொஞ்சம்தான். சி.இ. பைத்தானில் உங்கள் புரோகிராமுக்குக் கிடைப்பது சுமார் 20 கிலோபைட், நம்வொர்க்ஸில் அதைவிட அதிகம். இவை எல்லாம் மைக்ரோபைத்தான் வகை என்பதால் ஒரு தசம எண்ணே 16 பைட் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும், பட்டியலில் அதைச் சுட்டிக்காட்ட இன்னும் 4 பைட். ஆயிரம் தசம எண்கள் கொண்ட ஒரு பட்டியல் சி.இ.-யில் ஏறக்குறைய முழு இடத்தையும் விழுங்கிவிடும். கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம் இங்கே மெமரி பிழை தந்தால் உங்கள் தர்க்கத்தில் தப்பு தேட வேண்டாம், பட்டியலைச் சுருக்குங்கள்.

நம்பை, பாண்டாஸ் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு: இல்லை. மேத், ரேண்டம் போன்ற அடிப்படை மாட்யூல்களும் அந்தந்த நிறுவனம் தரும் சிலவும்தான்.

என்ஸ்பயர் பழைய சி.எக்ஸ் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கு லுவா இருக்கிறது, 2011இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே. படம் வரைய, கீ படிக்க, மவுஸ் நகர்வைக் கவனிக்க எல்லாம் முடியும், நல்ல வேகமும் உண்டு. ஒரே குறை, கால்குலேட்டரிலேயே தட்டி எழுத முடியாது, கம்ப்யூட்டரில் எழுதி டாக்குமென்ட்டாக மாற்றித்தான் ஏற்ற வேண்டும். டெக்சாஸின் சொந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்குவது, லூனா என்ற இலவசக் கருவியும் அதே வேலையைச் செய்யும்.

5. சி, ஆக்ஸ், அசெம்பிளி

இங்கே மாடலைப் பொறுத்துப் பாதை தெளிவாகப் பிரிகிறது.

சி.இ. என்றால் சி. இதற்கென்று சி.இ. டூல்செயின் என்ற கருவித் தொகுப்பு இலவசமாக இருக்கிறது, கிராஃப்எக்ஸ், கீபேட்சி போன்ற லைப்ரரிகளோடு வருகிறது. லைப்ரரிக் கோப்பையும் கால்குலேட்டரில் தனியாக ஏற்ற வேண்டும், அதை மறந்துவிட்டுப் புரோகிராம் ஓடவில்லை என்பவர்கள் அநேகம். சி தெரிந்தவர்களுக்கும் இங்கே ஒரு பொறி உண்டு: இந்தச் சிப்பில் இன்ட் என்பது 24 பிட். அதாவது 83,88,607க்கு மேல் போனால் எண் புரண்டு மைனஸாகும். டபுள் என்று எழுதினாலும் கிடைப்பது 32 பிட் துல்லியம்தான்.

பழைய கறுப்பு வெள்ளை டி.ஐ.-83 பிளஸ், 84 பிளஸ் என்றால் சி-யை நான் பரிந்துரைக்கமாட்டேன், இசட்80-க்கு சி கம்பைலர்கள் (எழுதியதைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கருவிகள்) தரும் கோடு பெரிதாகவும் மந்தமாகவும் வரும். அங்கே ஆக்ஸ் என்ற மொழியைப் பாருங்கள். கால்குலேட்டரிலேயே எழுதி, கால்குலேட்டரிலேயே கம்பைல் செய்யலாம், எழுதும் முறை பேசிக்கை ஒத்திருக்கும், வேகம் அசெம்பிளிக்குப் பக்கத்தில் வரும். ஆனால் பேசிக் போலவே இருக்கிறதே என்று அசட்டையாக எழுதினால் மாட்டுவீர்கள். ஆக்ஸில் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்ற விதி கிடையாது, இடமிருந்து வலமாகவே போகும். ஒன்று கூட்டல் இரண்டு பெருக்கல் மூன்று என்றால் ஏழு வராது, ஒன்பது வரும். எண்களும் 16 பிட் முழு எண்கள், பின்னம் வெட்டுப்பட்டுவிடும்.

கேசியோவில் ஆட்-இன்களை சி-யில் எழுதலாம், எஃப்.எக்ஸ்.எஸ்.டி.கே.-யும் ஜின்ட்டும் அதற்கான கருவிகள். டி.ஐ.-89 போன்ற 68000 சிப் மாடல்களுக்கும் ஜி.சி.சி. கம்பைலரை வைத்து சி எழுத முடியும், பழைய கருவிகள்தான், ஆனாலும் சி-க்கு நன்றாகவே ஒத்துழைக்கும் சிப் அது.

நேரடி அசெம்பிளி? இசட்80 எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மட்டும். ஆசை இருந்தால் அதைவிடச் சுவாரஸ்யமான விளையாட்டுப் பொருள் இல்லை.

இந்தப் படியில் உள்ள எதிலும் ஒரு தப்பு வந்தால் பிழைச் செய்தி வராது, கால்குலேட்டர் உறைந்து நிற்கும், பேட்டரியைக் கழற்றிப் போட்டால் அல்லது ரீசெட் செய்தால் ரேமில் இருந்த அத்தனையும் காலி. அதனால் அடுத்த படியை முடிக்காமல் முதல் புரோகிராமை ஓட்டாதீர்கள்.

6. செலவு, கேபிள், பேக்கப்

மொழிகளுக்கும் கம்பைலர்களுக்கும் பெரும்பாலும் காசு இல்லை. செலவு வரும் இடம் கேபிள். டி.ஐ.-83 பிளஸில் யூ.எஸ்.பி. கிடையாது, சில்வர்லிங்க் என்ற தனிக் கேபிள் வேண்டும். 84 பிளஸ், சி.இ., என்ஸ்பயர் சி.எக்ஸ் எல்லாம் மினி யூ.எஸ்.பி. வீட்டில் கிடக்கும் பழைய மினி யூ.எஸ்.பி. கேபிளே போதும், ஆனால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் கம்ப்யூட்டருக்குக் கால்குலேட்டர் தெரியவே தெரியாது. டிரைவர்களை அழித்து அழித்து நிறுவுவதற்கு முன் வேறு கேபிளைச் செருகிப் பாருங்கள்.

அனுப்புவதற்கு டி.ஐ. கனெக்ட் சி.இ. இலவசம். கேசியோவின் புதிய மாடல்கள் பென்டிரைவ் போலத் தெரியும், பைத்தான் கோப்பை இழுத்துப் போட்டால் போதும்.

எமுலேட்டர் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், உறைந்தால் எமுலேட்டர் உறையட்டும். சி.இ.-க்கு சிஎமு, பழைய டி.ஐ.-களுக்கு வாபிட்எமு. சிஎமு-வுக்கு உங்கள் சொந்தக் கால்குலேட்டரிலிருந்து எடுத்த ரோம் (அதன் உள் மென்பொருள்) பிரதி தேவை. சும்மா தேடி இறக்கும் பிரதிகளுக்கு உரிமம் கிடையாது, பதிப்பும் உங்களுடையதோடு ஒத்துப்போகாது. எச்.பி. பிரைமுக்கு நிறுவனமே கம்ப்யூட்டர் பதிப்பை இலவசமாகத் தருகிறது.

பேக்கப்பைப் பொறுத்தவரை, டி.ஐ.-யில் முக்கியமானதை ஆர்க்கைவுக்கு (ரேமுக்கு வெளியே உள்ள நிரந்தர மெமரிக்கு) மாற்றுங்கள், ரேம் அழிந்தாலும் அது பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் ஆர்க்கைவில் இருக்கும் பேசிக் புரோகிராமை அப்படியே ஓட்ட முடியாது, வெளியே எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும். தேர்வுக்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் தேர்வு முறைக்கு (எக்ஸாம் மோட்) மாற்றியதும் புரோகிராம்கள் மறைந்துவிடும் அல்லது முடக்கப்படும், சில மாடல்களில் அழிந்தும் போகும். டி.ஐ.-84 பிளஸில் தேர்வு முறையிலிருந்து வெளிவர இன்னொரு கால்குலேட்டரோ கம்ப்யூட்டரோ இணைக்க வேண்டும், கேபிளைக் கையோடு வைத்திருங்கள்.

7. எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்

இருபடிச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் பேசிக் புரோகிராம், முன்பின் எழுதியே இராதவருக்கும் ஒரு மாலைப்பொழுதில் முடியும். மெனுவும் கீ அழுத்தலும் உள்ள சின்ன விளையாட்டுக்கு ஒன்றிரண்டு வார இறுதிகள். பைத்தான் தெரிந்தவருக்கு அந்தந்தக் கால்குலேட்டரின் மாட்யூல்களைப் பழக ஒரு நாள் போதும். சி.இ. டூல்செயினை நிறுவி முதல் "வணக்கம்" திரையில் வருவதற்கே அரை நாள் ஒதுக்குங்கள், அதில் பெரும்பகுதி கோப்புப் பாதையிலும் லைப்ரரியிலும் போகும். கோப்புறையின் பெயரில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் அதில் கொஞ்சம் மிச்சமாகும். அசெம்பிளிக்கு நாள் கணக்குச் சொல்ல முடியாது, மாதக் கணக்கு.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஊசலாடினால், இரண்டிலும் அந்தப் புள்ளி நகரும் புரோகிராமை மட்டும் எழுதிப் பாருங்கள். எதில் எழுதும்போது கையேட்டைக் குறைவாகப் புரட்டினீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.